குளோசப்பில் பூக்கள்: புதுச்சேரி, கடலூர் பக்கம் புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு

பூப்படம் கெட்டுப்போவதற்கு லென்ஸ் காரணமாக இருப்பது அபூர்வம். காற்றில் ஆடும் காம்பு, தவறான இடத்தில் விழுந்த ஃபோகஸ், பத்து மணி வெயில், பூவுக்குப் பின்னால் எட்டிப் பார்க்கும் பிளாஸ்டிக் குடம், இந்த நாலும்தான் பெரும்பாலான படங்களைக் கெடுக்கின்றன. நாலில் எதையும் காசு கொடுத்துத் தீர்க்க முடியாது. இது தெரியாமல் முதல் மாதமே மேக்ரோ லென்ஸ் (மிக நெருங்கி எடுப்பதற்கென்றே செய்த லென்ஸ்) வாங்கி, ஆறாம் மாதம் விற்றுவிடுகிறவர்கள் நிறைய. எனவே கீழே உள்ள வரிசையிலேயே போங்கள். கடைக்குப் போவது கடைசி வேலையாக இருக்கட்டும்.

1. முதலில் ஒரு ஸ்கேலைப் படமெடுங்கள்

உங்கள் கேமரா எவ்வளவு நெருங்கும் என்று தெரிந்துகொள்ளப் பள்ளிக்கூட ஸ்கேல் போதும். லென்ஸை அதிக ஜூமில் வையுங்கள். மேனுவல் ஃபோகஸுக்கு மாற்றி, ஃபோகஸ் வளையத்தை மிக அருகில் உள்ள புள்ளிக்குத் திருப்புங்கள். ஸ்கேல் தெளிவாகத் தெரியும்வரை கேமராவோடு முன்னும் பின்னும் நகர்ந்து ஒரு படம் எடுங்கள். படத்தின் அகலத்தில் எத்தனை மில்லிமீட்டர் தெரிகிறது என்று எண்ணுங்கள்.

ஏபிஎஸ்-சி வகைச் சென்சார் (கேமராவுக்குள் படத்தைப் பதிவுசெய்யும் சில்லு) சுமார் 22 முதல் 24 மி.மீ. அகலம். ஸ்கேலிலும் அதே அளவு தெரிந்தால் அது 1:1, அதாவது உயிரளவு. கேமராவோடு சேர்ந்து வரும் சாதாரண 18-55 மி.மீ. கிட் லென்ஸில் 6 முதல் 8 செ.மீ. வரை தெரியும், அது ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. செம்பருத்தி, நாகலிங்கம், தாமரை, பூவரசு எல்லாம் இந்த அளவிலேயே சட்டத்தை நிரப்பிவிடும். 1:1 தேவைப்படுவது தும்பை, துளசிப்பூ, வேப்பம்பூ போன்ற பொடிப் பூக்களுக்கும், பெரிய பூவின் மகரந்தத்தை மட்டும் எடுப்பதற்கும்தான். முதல் இரண்டு மாதம் கிட் லென்ஸோடு பெரிய பூக்களை எடுங்கள்.

2. வாங்குவதானால் இந்த வரிசையில்

விலைகள் கடைக்குக் கடை மாறும். ஒரு மதிப்புக்காகவே கீழே சொல்கிறேன்.

ரிவர்ஸ் ரிங்: 200 முதல் 400 ரூபாய். 50 மி.மீ. லென்ஸைத் தலைகீழாக மாட்ட உதவும் வளையம் இது. ஏறத்தாழ 1:1 கிடைக்கும். இரண்டு சிக்கல்கள் உண்டு. லென்ஸுக்கும் கேமராவுக்கும் மின்தொடர்பு அறுந்துவிடுவதால் அப்பெர்ச்சரை (ஒளி நுழையும் துளையின் அளவை) மாற்ற முடியாது. லென்ஸின் பின்கண்ணாடியும் தூசிக்கும் உப்புக்காற்றுக்கும் நேராகத் திறந்திருக்கும். அப்பெர்ச்சர் வளையம் உள்ள பழைய மேனுவல் லென்ஸ் வீட்டில் கிடந்தால் மட்டும் இதை வாங்குங்கள்.

குளோசப் ஃபில்டர்: லென்ஸின் முன்னால் திருகும் பூதக்கண்ணாடி. +1, +2, +4, +10 என்று நாலு சேர்ந்த செட் 500 ரூபாய் முதல் கிடைக்கும். அந்த +10-ஐ டப்பாவிலேயே விட்டுவிடுங்கள். ஓரம் முழுக்க மங்கி, வெள்ளை இதழின் விளிம்பில் ஊதாக் கோடு விழும். இந்த ஃபில்டர்கள் 18-55-ஐவிட 55-250 போன்ற நீள லென்ஸில்தான் வேலை செய்யும். கணக்கு எளிது: 1000-ஐ ஃபில்டரின் எண்ணால் வகுத்தால் அதன் குவியத் தூரம் மி.மீ.-இல் வரும். +4 என்றால் 250. 250 மி.மீ. லென்ஸில் அதை மாட்டி, ஃபோகஸை இன்ஃபினிட்டியில் (வெகுதூரப் புள்ளியில்) வைத்தால் 1:1. பூவுக்கும் லென்ஸுக்கும் நடுவில் 25 செ.மீ. இடைவெளியும் கிடைக்கும். ஒற்றைக் கண்ணாடி ஃபில்டர் அந்த நீளத்தில் சோபிக்காது. ஒன்றுக்கு மேற்பட்ட கண்ணாடிகள் சேர்ந்த ஆக்ரோமேட் வகை, உதாரணமாக ரேனாக்ஸ் டிசிஆர்-150, விலை கூடுதல்தான். ஆனால் கூர்மையில் வேறு உலகம். ஜூம் லென்ஸ் ஏற்கெனவே கையில் இருப்பவர்களுக்கு என் பரிந்துரை இதுதான்.

எக்ஸ்டென்ஷன் டியூப்: உள்ளே கண்ணாடி இல்லாத வெற்றுக் குழாய். 12, 20, 36 மி.மீ. என்று மூன்று சேர்ந்து வரும். குழாயின் நீளத்தை லென்ஸின் நீளத்தால் வகுத்தால் கூடுதல் பெருக்கம் தெரியும்: 50 மி.மீ. லென்ஸுக்கு 36 மி.மீ. குழாய் என்றால் 0.72. மின்தொடர்புள்ள ‘ஆட்டோ’ டியூப் 2,000 ரூபாய்க்கு மேல் இருக்கும். 400 ரூபாய்க்குக் கிடைப்பதில் தொடர்பு இருக்காது, அப்பெர்ச்சரும் மாறாது. ஆன்லைனில் படத்தைப் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோல் தெரியும். உட்பக்கம் பொன்னிறப் புள்ளிகள் வரிசையாக இருக்கின்றனவா என்று பெரிதாக்கிப் பாருங்கள். இன்னொரு பொறி: 18-55-ஐ 18-இல் வைத்து 36 மி.மீ. குழாய் போட்டால் எதுவுமே ஃபோகஸ் ஆகாது. தெளிவாகும் புள்ளி லென்ஸுக்குள்ளேயே விழுந்துவிடும். குழாய் பழுது என்று நினைத்துத் திருப்பி அனுப்பிவிடாதீர்கள்.

மேக்ரோ லென்ஸ்: 90 முதல் 105 மி.மீ. வரை உள்ளது நல்லது. 35 அல்லது 40 மி.மீ. மேக்ரோ மலிவாகக் கிடைக்கும், ஆனால் 1:1 எடுக்கும்போது முன்கண்ணாடிக்கும் பூவுக்கும் நடுவில் சில செ.மீ.தான் மிஞ்சும், லென்ஸின் நிழல் பூமேல் விழும். புதிதாக வாங்கினால் 30,000 ரூபாயில் தொடங்கி லட்சம்வரை போகும்.

இவற்றோடு சில்லறைச் சாமான்கள்: 30 செ.மீ. எம்பிராய்டரி வளையத்தில் இழுத்துக் கட்டிய பழைய வெள்ளை வேட்டித் துண்டு (வெயிலை மட்டுப்படுத்த), கையகலத் தெர்மாகோல் (நிழலுக்கு வெளிச்சம் திருப்ப), சாம்பல், கரும்பச்சை, கறுப்பு சார்ட் பேப்பர், துணி கிளிப் நாலு, தடித்த கம்பி ஒரு முழம், அரிசியோ புளியங்கொட்டையோ நிரப்பிய துணிப்பை. எல்லாம் சேர்த்து 300 ரூபாய் ஆகாது. ஆயிரம் ரூபாய் ரிங் லைட்டைவிட அந்த வேட்டித் துண்டு அதிக வேலை செய்யும்.

3. பில், வாரண்டி, வாடகை

புது லென்ஸ் வாங்கும்போது மூன்றைப் பாருங்கள்: ஜிஎஸ்டி பில், அதில் எழுதிய சீரியல் எண், லென்ஸின் உடலில் பொறித்த எண். மூன்றாவதும் இரண்டாவதும் பொருந்த வேண்டும். “பில் இல்லாமல் என்றால் குறைத்துத் தருகிறேன்” என்று சொன்னால், நிறுவனத்தின் இந்திய வாரண்டி இல்லாத வெளிநாட்டுச் சரக்காக இருக்கலாம். 18 சதவீத ஜிஎஸ்டி சேர்ந்த விலையா என்பதையும் முதலிலேயே கேட்டுவிடுங்கள்; பேசி முடித்த பிறகு வரி ஏறினால் சங்கடம்.

பழைய லென்ஸ் என்றால் பின்மூடியைக் கழற்றி, போன் டார்ச்சை ஒரு பக்கமிருந்து அடித்து மறுபக்கமிருந்து சாய்வாகப் பாருங்கள். சிலந்திவலை போல மெல்லிய இழைகள் தெரிந்தால் அது பூஞ்சை. கடலோர ஊர்களில் பீரோவில் பூட்டிவைத்த லென்ஸ்களில் இது சர்வசாதாரணம். எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம். மற்றபடி தூசி நாலு புள்ளி இருப்பதால் படம் கெடாது. விற்பவரிடம் பழைய பில்லின் நகலும், தேதி, தொகை, சீரியல் எண் எழுதிக் கையெழுத்திட்ட ஒரு தாளும் வாங்கிக்கொள்ளுங்கள்.

வாங்குவதற்கு முன் வாடகைக்கு எடுத்துப் பார்ப்பது புத்திசாலித்தனம். ஒரு நாளைக்குச் சில நூறு ரூபாய். முன்பணமும் அடையாள அட்டை நகலும் கேட்பார்கள். முதல் எட்டு எண்கள் மறைந்த மாஸ்க்டு ஆதாரை ஆதார் தளத்திலிருந்து இறக்கிக் கொடுங்கள். நகலின் குறுக்கே ‘லென்ஸ் வாடகைக்கு மட்டும்’ என்று எழுதித் தேதி போடுங்கள். எடுக்கும்போதே கண்ணாடி, மவுண்ட் (கேமராவோடு பொருந்தும் பகுதி), கீறல்கள் எல்லாவற்றையும் போனில் படம் பிடித்துக் கடைக்காரருக்கே வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டால் பிறகு வாக்குவாதம் வராது. ‘ஒரு நாள்’ என்பது 24 மணி நேரமா, கடை மூடும்வரையா என்று கேளுங்கள். 24 மணி நேரம் என்றால் சனிக்கிழமை மாலை எடுப்பதே லாபம். ஞாயிறு விடியற்காலை முழுசாகக் கிடைக்கும்.

4. மாதமும் மணியும்

இந்தக் கடற்கரையில் நேரம்தான் எல்லாம். மே, ஜூனில் சூரியன் 5.45 வாக்கில் உதிக்கும், ஜனவரியில் 6.30 ஆகும். உதயத்திலிருந்து இரண்டு, இரண்டரை மணி நேரம் உங்களுடையது. வெளிச்சம் சாய்வாக விழும், காற்று அடங்கியிருக்கும். வெயில் ஏறத் தரை சூடாகிக் காற்று எழும்பும். கோடையில் முற்பகலுக்கு மேல் கடற்காற்றும் சேர்ந்துகொண்டால் குளோசப் கனவுதான். மாலையில் வெளிச்சம் அழகாக இருந்தாலும் காற்று லேசில் அடங்காது. எனவே மாலையை வீட்டுச் சன்னலோரப் படங்களுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

மாதங்களில் மார்கழி, தை இரண்டும் சிறப்பு. பனி இறங்கியிருக்கும், இதழில் உண்மையான துளி நிற்கும். பங்குனி, சித்திரையில் வேம்பு, புங்கம், சரக்கொன்றை. ஐப்பசி, கார்த்திகையில் மழை விட்ட இடைவெளியில் மேகம் மூடிய வானம் கிடைத்தால் நாள் முழுக்க மென்மையான ஒளி. வேலியோரங்களில் செங்காந்தளும் அப்போதுதான் கிடைக்கும். அதன் கிழங்கு கடும் விஷம், மற்ற பாகங்களும் நஞ்சே. பார்த்துப் படமெடுத்துவிட்டு வந்துவிடுங்கள். ஆடி மாதம்? அம்மியும் பறக்கும் காற்றில் தும்பைப்பூவை எப்படி எடுப்பது? அந்த மாதம் வீட்டுக்குள் பழகுங்கள்.

5. எங்கே போவது, யாரிடம் கேட்பது

புதுச்சேரியில் முதலில் நினைவுக்கு வருவது பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துத் தாவரவியல் பூங்கா. பூங்காக்களின் பொதுவான சிக்கல், நல்ல வெளிச்சம் வீணாகிற நேரத்தில் கேட் பூட்டியிருப்பது. திறக்கும் நேரத்தை முந்தின நாளே விசாரித்துவிட்டு, மேகமூட்டமான நாளாகப் பார்த்துப் போங்கள். கேமராவுக்குத் தனிச் சீட்டு உண்டா என்று கவுண்டரிலேயே கேட்டு, உண்டென்றால் ரசீதைக் கையில் வைத்திருங்கள். டிரைபாடை விரித்ததும் “ஷூட்டிங்கா சார்?” என்று காவலாளி வருவார். கல்யாண ஃபோட்டோ கோஷ்டிகளிடம் அலுத்துப்போனவர் அவர். பூவைத் திரையில் காட்டிப் பொழுதுபோக்குக்காக என்று சொன்னால் பெரும்பாலும் முடிந்துவிடும். டிரைபாடுக்குப் பதில் அந்தப் புளியங்கொட்டைப் பையைத் தரையில் வைத்து எடுத்தால் அவர் வரவே மாட்டார்.

கடலூரில் தேவனாம்பட்டினம் கடற்கரை மணல்மேட்டில் அடும்புக்கொடி. கெடிலம், பெண்ணையாற்றுக் கரைகளில் எருக்கு, ஆவாரை, நெருஞ்சி, தும்பை. இவற்றுக்குச் சீட்டும் வேண்டாம், கேட்டும் இல்லை. புதர்களுக்குள் முழங்கால் போடும் முன் ஒரு குச்சியால் தட்டிப் பாருங்கள். விடியற்காலையில் பாம்பு நடமாட்டம் இருக்கும்.

கோயில் நந்தவனம், ஆசிரமம், ஆரோவில் தோட்டங்கள் ஆகிய இடங்களில் அனுமதி கேட்காமல் கேமராவை எடுக்காதீர்கள். பிச்சாவரம் பலர் கேட்பது. அங்கே படகு ஆடும், பூவும் ஆடும். குளோசப்புக்கு அது இடமே இல்லை.

தெருவோர வீட்டுச் செம்பருத்திக்கும் நந்தியாவட்டைக்கும் ஒரு போட்டி உண்டு: பூஜைக்குப் பறிக்க வருகிறவர் ஆறரைக்கெல்லாம் செடியை மொட்டையடித்திருப்பார். முந்தின நாள் மாலையே வீட்டுக்காரரிடம், “அக்கா, காலையில் ஒரு கால் மணி நேரம் இந்தச் செடியை எடுத்துக்கிறேன், ரெண்டு பூவை மட்டும் விட்டுவையுங்க” என்று சொல்லிவைத்தால் தீர்ந்தது. எடுத்த படத்தை அவர்களுக்கு அனுப்புங்கள். அடுத்த முறை காபியோடு கூப்பிடுவார்கள்.

வீட்டில் பழக, புதுச்சேரி பெரிய மார்க்கெட்டிலோ திருப்பாப்புலியூர் கடைகளிலோ காலையில் பூ வாங்கலாம். முகூர்த்த நாளில் விலை ஏறிக் கிடக்கும். மறுநாள் போனால் அதே காசுக்கு இரட்டிப்பாகத் தருவார்கள். சரமாகக் கட்டியது வேண்டாம், உதிரியாகவும் காம்போடும் கேளுங்கள்.

6. காற்றை அடக்குவது

கம்பியின் ஒரு முனையில் துணி கிளிப்பைக் கட்டி, மறுமுனையை மண்ணில் குத்துங்கள். பூவுக்கு இரண்டு மூன்று அங்குலம் கீழே காம்பைக் கிளிப் மென்மையாகப் பிடிக்கட்டும். கிளிப்பின் வாயில் பஞ்சு ஒட்டினால் காம்பு நசுங்காது. காற்று வரும் பக்கம் குடையை விரித்துச் சாய்த்து வையுங்கள். வண்ணக் குடை வேண்டாம், அதன் நிறம் இதழில் ஏறும். நீங்கள் போட்டிருக்கும் சிவப்புச் சட்டையும் அப்படித்தான். வெள்ளையோ சாம்பலோ போட்டுப் போங்கள்.

ஷட்டர் வேகம் கையில் பிடித்து எடுத்தால் 1/250 நொடிக்குக் குறையக் கூடாது. லேசான காற்றுக்கு 1/500. இதற்காக ஐஎஸ்ஓ (ஒளியுணர்வு அளவு) 800, 1600 ஆனாலும் கவலை வேண்டாம். புள்ளி விழுந்த படத்தைச் சரிசெய்யலாம், ஆடிய படத்தை ஒன்றும் செய்ய முடியாது. லென்ஸில் உள்ள ஆட்டக்கட்டுப்பாட்டை நம்பாதீர்கள்; 1:1 நெருக்கத்தில் அதன் பலன் வெகுவாகக் குறைந்துவிடும். அது பூ ஆடுவதை நிறுத்தவும் செய்யாது.

காற்று மூச்சுவிடுவதுபோல் விட்டுவிட்டுத்தான் வரும். பூவைப் பார்க்காமல் காற்று வரும் பக்கத்து இலைகளைப் பாருங்கள். அவை அடங்கியதும் தொடர்ச்சியாக ஐந்து படம். ஐந்தில் ஒன்று தேறும்.

7. ஃபோகஸ்: ஒரு மில்லிமீட்டருக்குள் நடக்கும் வேலை

ஏபிஎஸ்-சி கேமராவில் அப்பெர்ச்சரை எஃப்/8-இல் வைத்தால் (எண் கூடக் கூடத் துளை சுருங்கும்), உயிரளவில் கால் அளவில் சுமார் 6 மி.மீ. ஆழம் தெளிவாக இருக்கும். அரை அளவில் 2 மி.மீ. 1:1-இல் வெறும் 0.6 மி.மீ. அப்பெர்ச்சரை எஃப்/16, எஃப்/22 என்று சுருக்கிவிட்டால் தீர்ந்தது என்று தோன்றும், அதுதான் பொறி. 1:1-இல் எஃப்/11 என்பது நடைமுறையில் எஃப்/22-க்குச் சமம். அதற்கும் மேல் சுருக்கினால் ஒளி வளைந்து படம் முழுவதும் மழுங்கும். 1:1-க்கு எஃப்/8 முதல் எஃப்/11, கால் அளவுக்கு எஃப்/11 முதல் எஃப்/16 என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கிடைக்கிற அந்த மில்லிமீட்டரை எங்கே செலவழிப்பது என்பதே கேள்வி. இரண்டு விதிகள். ஒன்று, பூவில் எது முக்கியமோ அது கேமராவின் பின்பக்கத்துக்கு இணையாக இருக்கட்டும். கேமராவைப் பூவின் பக்கவாட்டிலிருந்து பார்த்து, இதழ்த் தளமும் கேமராவின் முதுகும் ஒரே சாய்வில் இருக்கின்றனவா என்று சரிபாருங்கள். இதைத் தனியாகச் செய்வதைவிட நண்பர் ஒருவர் பக்கவாட்டில் நின்று சொன்னால் எளிது. இரண்டு, தெளிவு விழ வேண்டிய இடம் ஒன்றே ஒன்று: சூலகமுடி, அல்லது மகரந்தப்பை, அல்லது துளி. அது தெளிவாக இருந்தால் மற்றது மங்குவதைக் கண் மன்னிக்கும். முன்னால் இருக்கிற இதழ் தெளிந்து நடு மங்கினால் மன்னிக்காது.

ஆட்டோ ஃபோகஸ் இந்த நெருக்கத்தில் முன்னும் பின்னும் அலையும். மேனுவலுக்கு மாற்றுங்கள். வேண்டிய பெருக்கத்துக்கு வளையத்தை வைத்துவிட்டு அதைத் தொடாதீர்கள். திரையில் 5 அல்லது 10 மடங்கு பெரிதாக்கி, உடம்பை மெதுவாக முன்னே சாய்த்து, தெளிவு வேண்டிய இடத்தைக் கடக்கும்போது அழுத்துங்கள். முழங்கையை முழங்காலில் ஊன்றி, மூச்சைப் பாதி விட்ட நிலையில். டிரைபாட் என்றால் 2 நொடி டைமர்.

ஃபோகஸ் ஸ்டாக்கிங் பழகுவது பிறகு. ஒரே சட்டத்தில், தெளிவு விழும் இடத்தை 0.4 மி.மீ. வீதம் நகர்த்திப் பத்து இருபது படம் எடுத்துக் கணினியில் ஒட்டுவது அது. ஒரு இழை காற்று வந்தாலும் ஒட்டாது. ஆகவே வீட்டுக்குள் மட்டும், மின்விசிறியை நிறுத்திவிட்டு.

8. வெளிச்சமும் நிறமும்

நேர்வெயில் என்றால் வேட்டி வளையத்தைப் பூவுக்கு ஒரு சாண் தூரத்தில் பிடியுங்கள். எவ்வளவு அருகில் பிடிக்கிறீர்களோ அவ்வளவு மென்மை. எதிர்ப்பக்க நிழலில் தெர்மாகோல். பூவின் பின்னாலிருந்து சாயும் இளவெயில் என்றால் இரண்டும் வேண்டாம். இதழ் நரம்புகள் தாமாகவே ஒளிரும்.

சிவப்புப் பூக்கள் புதியவர்களைத் தவறாமல் ஏமாற்றும். செம்பருத்தியின் இதழ் திரையில் நரம்பே இல்லாத சாயத் துணி போலத் தெரிந்தால், சிவப்புச் சேனல் நிரம்பி வழிந்துவிட்டது என்று பொருள். சாதாரண வெள்ளை ஹிஸ்டோகிராம் (படத்தின் வெளிச்சப் பரவலைக் காட்டும் வரைபடம்) அதைக் காட்டாது. மூன்று நிறமும் தனித்தனியாகக் காட்டும் ஹிஸ்டோகிராமை மெனுவில் தேடி வையுங்கள். சிவப்புக்கு எக்ஸ்போஷரை (படத்தின் வெளிச்ச அளவை) -0.7 முதல் -1 வரை இறக்குங்கள். வெள்ளைப் பூ சட்டத்தை நிரப்பினால் தலைகீழ்: +0.7 கூட்டாவிட்டால் மல்லிகை சாம்பலாகிவிடும். அதே மல்லிகை கரும்பின்னணியில் சிறிதாக இருந்தால் மறுபடி குறைக்க வேண்டும். காரணம் ஒன்றுதான், கேமரா எதைப் பார்த்தாலும் அதை நடுத்தரச் சாம்பலாக்கப் பார்க்கும்.

நீலச் சங்குப்பூ ஊதாவாக வருகிறதென்று எல்லாரும் புலம்புவார்கள். வொயிட் பேலன்ஸை (ஒளியின் நிறத்துக்கேற்பச் சரிசெய்யும் அமைப்பை) ஆட்டோவிலிருந்து எடுத்து 5,500 கெல்வினில் நிறுத்துங்கள், கேமரா சுருக்காமல் சேமிக்கும் ரா ஃபைலில் எடுங்கள். மிச்சத்தை எடிட்டிங்கில் நீல-ஊதாச் சாயலை லேசாகத் திருப்பிச் சரிசெய்யலாம்.

தண்ணீர் தெளித்துப் பனித்துளி செய்வது எனக்குப் பிடிக்காது. நடுப்பகல் ஒளியில் துளி நிற்கும் படம் பார்த்தவுடனே பொய் சொல்லும். செய்தே ஆக வேண்டுமானால் விடியற்காலையில் செய்யுங்கள்.

9. பின்னணி

பூவைச் சட்டத்தில் வைத்தவுடன் பூவை மறந்து நாலு மூலைகளையும் பாருங்கள். வெளிறிய வானத்துண்டு, காய்ந்த குச்சி, நீல பெயின்ட் அடித்த கேட். கேமராவை ஒரு கையகலம் நகர்த்தினாலே பெரும்பாலும் மறைந்துவிடும். மறையாவிட்டால் பூவுக்கு இரண்டடி பின்னால் சார்ட் பேப்பர்; பளபளப்பானது வேண்டாம். மஞ்சள், வெள்ளைப் பூக்களுக்குக் கரும்பச்சை பொருந்தும். கறுப்பு எதற்கும் எடுபடும், ஆனால் பத்துப் படத்துக்கு மேல் சலித்துவிடும்.

10. எந்தப் பூவில் தொடங்குவது

எருக்கில். வருஷம் முழுக்கப் பூக்கும், இதழ் மெழுகு போல விறைப்பானது, காற்றில் அவ்வளவாக ஆடாது, நடுவில் உள்ள கிரீடம் ஃபோகஸுக்கு நல்ல இலக்கு. பால் மட்டும் கண்ணில் படக் கூடாது; கண்ணுக்குக் கேடு. கையால் காம்பைத் தொட்டுவிட்டு வ்யூஃபைண்டருக்கருகே கண்ணைத் தேய்க்காதீர்கள்.

செம்பருத்தியை நேராக எடுக்க வேண்டாம். மகரந்தத் தண்டு உங்களை நோக்கி நீண்டிருப்பதால் முனை தெளிந்தால் இதழ் மங்கும், இதழ் தெளிந்தால் முனை மங்கும். பக்கவாட்டில் எடுத்தால் தண்டு முழுவதும் ஒரே தளத்தில் கிடக்கும்.

நாகலிங்கம் புதுச்சேரியின் மாநிலப் பூ. உள்ளங்கையை நிரப்பும் அளவு. மேக்ரோ லென்ஸே தேவையில்லை. பாம்பு படமெடுத்ததுபோல், குடையாக வளைந்த பகுதியின் அடியில் இருட்டு தேங்கும். கீழிருந்து தெர்மாகோலைக் காட்டாவிட்டால் உள்ளே இருக்கும் மகரந்த வட்டம் கறுத்துப்போகும். அடிமரத்திலேயே பூப்பதால் கழுத்து வலிக்காமல் எடுக்கலாம். காலையில் கீழே உதிர்ந்ததிலும் புத்தம்புதுசு கிடைக்கும். மேலே பீரங்கிக் குண்டு அளவு காய்கள் தொங்கும். பழுத்ததற்கு நேர்கீழே உட்காராதீர்கள்.

அடும்பு காலையில் விரிந்து வெயில் ஏற வாடிவிடும். பூவரசு காலையில் மஞ்சளாக இருந்து, வயதேற ஏறச் செம்மையாகும். ஒரே கிளையில் இரண்டு நிறமும் கிடைத்தால் விடாதீர்கள். தும்பைக்கு 1:1 வேண்டும், தரையோடு படுக்கவும் வேண்டும். எறும்பும் தேனீயும் கூடவே வரும். அவை வந்தால் பூவை விட்டு அவற்றின் கண்ணில் ஃபோகஸ் வையுங்கள்.

11. போனில் எடுக்கிறவர்களுக்கு

நெருங்கினவுடன் பல போன்கள் தாமாகவே அல்ட்ராவைட் கேமராவுக்குத் தாவும். திரையில் காட்சி ஒரு குலுக்கல் குலுங்கினால் அதுதான். அந்தத் தானியங்கி மேக்ரோவை அணைத்துவிட்டு, மெயின் கேமராவில் 2 மடங்கு ஜூம் வைத்து 10, 15 செ.மீ. தூரத்திலிருந்து எடுங்கள். மலிவான போன்களில் தனியாகத் தரும் 2 மெகாபிக்சல் மேக்ரோ கேமரா அலங்காரத்துக்குத்தான். போர்ட்ரெய்ட் மோட் இதழின் ஓரத்தைக் கத்தரித்துவிடும், வேண்டாம். வேண்டிய இடத்தில் விரலை அழுத்திப் பிடித்து ஃபோகஸைப் பூட்டி, பிரகாசத்தைக் கொஞ்சம் கீழே இழுங்கள். வயர் இயர்போன் இருந்தால் அதன் வால்யூம் பொத்தான் பல போன்களில் ஷட்டராக வேலை செய்யும். கிளிப் லென்ஸ் வாங்கினால் போன் உறையைக் கழற்றிவிட்டு மாட்டிப் பாருங்கள். தடித்த உறையில் நடு விலகி ஒரு பக்கம் மங்கும்.

12. வீட்டுக்கு வந்த பிறகு

கடற்கரையிலிருந்து வந்தால் லென்ஸின் வெளிப்பக்கத்தை முதலில் ஊதுபந்தால் ஊதி, பிறகு ஈரம் லேசாகத் தொட்ட துணியால் துடையுங்கள். ஊதாமல் துடைத்தால் உப்பும் மணலும் சேர்ந்து உப்புத்தாள் தேய்த்த கதிதான்.

ஏசி அறையிலிருந்து காலையில் நேராக வெளியே எடுத்தால் கண்ணாடியில் நீர் பூத்துவிடும். நல்ல வெளிச்சத்தில் அரை மணி நேரம் அதிலேயே போகும். முந்தின இரவே கேமராப் பையை ஏசி இல்லாத அறையில் வைத்துவிடுங்கள். மறந்துபோனால் பையைத் திறக்காமல் அரை மணி நேரம் வெளியே வையுங்கள்.

பூஞ்சை பிடிக்காமல் இருக்க, ரப்பர் விளிம்புள்ள காற்றுப்புகா டப்பா, உள்ளே நிறம் மாறும் சிலிக்கா ஜெல், கூடவே சின்ன ஈரப்பதமானி. முள் 40-க்கும் 50-க்கும் நடுவில் நிற்கட்டும். ஜெல்லின் நிறம் மாறினால் கனமான வாணலியில் மிதமான தீயில் வறுத்து, பழைய நிறம் திரும்பி முழுக்க ஆறியதும் டப்பாவில் போடுங்கள். அந்த வாணலியை மறுபடி சமையலுக்கு எடுக்காதீர்கள். ஐப்பசி மழை தொடங்கிவிட்டால் வாரம் ஒருமுறை பாருங்கள். மற்ற மாதங்களில் மாதம் ஒருமுறை போதும்.